பட்டியலில் இல்லாத ஏழு குரல்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் எழுத வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கிறது. மீறி எழுதுவதற்கு முதலில் மன்னிக்கவும். அண்ணியும் பட்டாணியும் நானும் சுகமாகத்தான் இருக்கிறோம். கவரைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்கள் முதுகுவலி தேவலையா? தரையில்தான் படுக்கையா என்று அண்ணி கேட்கச் சொன்னார்.

விஷயம் உங்கள் விளக்குக்காரரைப் பற்றியது. பட்டாணியின் ஏழாவது பிறந்தநாளுக்கு அந்த மலையூர் கம்ப்யூட்டர் விளையாட்டில் நீங்களே ஓர் ஆளைச் செய்து சேர்த்தீர்களே, தினமும் காலையில் தெருவிளக்கை அணைத்துவிட்டு, அதில் அவள் நடத்தும் கடை வாசலில் நின்று உங்கள் குரலில் ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறவர், அவரைக் காணோம். கம்ப்யூட்டரை சர்வீஸ் கடைக்குக் கொடுத்திருந்தோம். திரும்பி வந்தபோது விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. புதிதாக ஒரு குளம் வந்திருக்கிறது, ஆடுகள் வந்திருக்கின்றன. விளக்குக்காரர் மட்டும் இல்லை.

பட்டாணி அழவில்லை. தினமும் விளையாட்டைத் திறக்கிறாள், அதில் காலை விடியும்வரை காத்திருக்கிறாள், மூடிவிடுகிறாள். அப்பா கப்பலில் வேலை பார்ப்பதாகத்தான் இன்னும் நம்புகிறாள். சிறையிலிருந்து பேசினால், அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் ஒரு பெண் குரல் சொல்லிவிடும் என்பதால் நீங்கள் போனும் செய்வதில்லை. ஆக, அவளிடம் இருந்த உங்கள் குரல் அது ஒன்றுதான்.

"நம்ம வீட்ல டிகிரி முடிச்சவ நீ ஒருத்திதான். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாதா?" என்றார் அண்ணி. நான் படித்தது தாவரவியல் என்று சொல்ல வாய் வரவில்லை. சர்வீஸ் கடை வாசல்வரை மூன்று முறை போய்த் திரும்பினேன். நாலாம் முறை கேட்டுவிட்டேன். "கேம்தானேம்மா, அழிச்சிட்டு மறுபடி போட்டா சரியாயிடும்" என்றார் கடைக்காரர். அழித்தால் நீங்களும் போய்விடுவீர்களோ என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று விளையாட்டின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே பதினோரு ஃபோல்டர்கள். அதற்குள் இன்னும் ஃபோல்டர்கள். மிகப் பெரிய ஃபைல் ஒன்று திறக்கவே இல்லை. நீங்கள் எதற்குள் இருக்கிறீர்கள்?

பதிலை நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடை முகவரிக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வந்தால் கவரில் இருக்கும் சிறை முத்திரையைப் பட்டாணி படித்துவிடுவாள். இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


பிப்ரவரி 19

ஊமைக்கோட்டானுக்கு,

நீ இவ்வளவு பேசுவாய் என்று தெரிந்திருந்தால் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். முதுகு பரவாயில்லை. சலவைக் கூடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். தரையில் இல்லை, கட்டில் இருக்கிறது என்று உன் அண்ணியிடம் சொல். பனிக்காலமானால் வருமே, அவளுடைய சளி விட்டதா?

திறக்காத அந்தப் பெரிய ஃபைலைத் தொடாதே. அது விளையாட்டைச் செய்த கம்பெனி சீல் வைத்த பெட்டி. பக்கத்தில் 'மாட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அவர்கள் போடாததை நாமே செய்து சேர்த்தால் அதற்குப் பெயர் மாட். விளையாட்டு தொடங்கும்போது முதலில் சீல் வைத்த பெட்டியைப் படிக்கும், பிறகு மாட்ஸைப் படிக்கும். இரண்டிலும் ஒரே பெயரில் ஏதாவது இருந்தால் கடைசியாகப் படித்ததுதான் செல்லும்.

விளக்குக்காரர் ஒரே இடத்தில் இருக்கமாட்டார். முகம் ஒரு ஃபோல்டரில், நடை ஒன்றில், குரல் ஒன்றில். எந்தக் காலையில் எதைப் பேசுவார் என்ற பட்டியல் தனியாக. இவையெல்லாம் ஒரே ஆளுடையவை என்று சொல்வதற்கு ஒரு சின்ன எழுத்து ஃபைல் இருக்கும். அதை அவருடைய அடையாள அட்டை என்று வைத்துக்கொள். நோட்பேடில் திற. மேல் வரியில் விளையாட்டின் பழைய பதிப்பு எண் இருக்கும். அதைப் பார்த்துத்தான் விளையாட்டு அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கும். புது எண்ணைப் போடு. எதையும் தொடுவதற்கு முன்னால் முழு ஃபோல்டருக்கும் ஒரு நகல் எடுத்து வை.

என்னைப் பார்க்க யாரும் வர வேண்டாம் என்று சொன்னதில் மாற்றம் இல்லை.

அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் சளி விட்டுவிட்டது. கட்டில் என்று கேட்டதும் முகம் தெளிந்தது.

நகல் எடுத்தேன். ஒன்றுக்கு இரண்டாக. பிறகு ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து ஒரு நோட்டில் மரமாக வரைந்தேன். கல்லூரியில் செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வரைவோம், அந்தப் பழக்கம். உங்கள் மூக்கு 'முகங்கள்' ஃபோல்டரில் ஒரு சதுரப் படத்தில் தோலை விரித்துப் போட்டதுபோல் கிடந்தது. நீங்கள் நடப்பது வெறும் எண்களாக இருந்தது. இவ்வளவு துண்டாகக் கிடக்கும் ஒருவர் விளையாட்டைத் திறந்ததும் எப்படி முழு ஆளாக எழுந்து வருகிறார் என்று ஆச்சரியமாக இருந்தது. கடையில் கண்ணாடிச் சட்டங்களைத் துடைக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

பதிப்பு எண்ணை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தோம். விடிந்தது. விளக்கு அணைந்தது. கடை வாசலுக்கு ஓர் ஆடு வந்து நின்றது. வாயைத் திறந்து உங்கள் குரலில், "பட்டாணி, ஷூ லேஸ் கட்டினியா? இல்ல நேத்து மாதிரி வாசல்லயே விழப்போறியா?" என்றது.

"அத்தை! அப்பா ஆடாயிட்டாரு!" என்று பட்டாணி தரையில் விழுந்து சிரித்தாள்.

"முன்னாடி மட்டும் என்னவாம்? எதைக் குடுத்தாலும் மென்னுக்கிட்டேதான் இருப்பாரு" என்றார் அண்ணி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் மூடவில்லை. சிங்கில் பாத்திரம் எதுவும் இல்லை.

நான் என்ன தப்பு செய்தேன்?

தங்கை


மார்ச் 12

ஊமைக்கோட்டானுக்கு,

சுகம். உன் கடிதத்தைச் சலவைக் கூடத்தில் உரக்கப் படித்தேன். நேற்றிலிருந்து எல்லாரும் என்னைப் பார்த்து 'மே' என்கிறார்கள். இங்கே வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற அதிகாரி ஒருவர் இருக்கிறார். தபால் சார் என்போம். அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

தப்பு உன்னுடையது இல்லை. விளையாட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் உண்டு. நான் செய்தபோது 214 காலியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். காலியாக இருப்பதை எடுக்கக் கூடாது, கம்பெனி எட்டாத பெரிய எண்ணாக எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் கேட்கவில்லை. கம்பெனி இப்போது 214-ஐ ஆட்டுக்குக் கொடுத்துவிட்டது. முகங்கள் இருக்கும் ஃபோல்டருக்குப் புதுப் பதிப்பில் வேறு பெயர் வைத்திருப்பார்கள் போல. விளையாட்டு என் முகத்தைத் தேடிக் கிடைக்காமல் ஆட்டின் முகத்தையே விட்டுவிட்டு, குரலை மட்டும் எடுத்துக்கொண்டது.

பார்க்காமல் சொன்னால் இன்னொரு தப்பு வரும். மாட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் எல்லா ஃபைல் பெயர்களையும் ஒன்று விடாமல் எழுதி அனுப்பு.

பட்டாணிக்கு லேஸ் கட்ட வருகிறதா?

அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். லேஸ் கட்டுகிறாள், ஆனால் இரண்டு ஷூவையும் சேர்த்துக் கட்டிவிடுகிறாள்.

பட்டியல் தனித் தாளில். விளக்குக்காரர் மட்டுமில்லாமல், நீங்கள் செய்த பூனை, விளையாட்டிலிருந்தே நகல் எடுத்து வைத்த காவல்காரர் எல்லாரும் அதே ஃபோல்டரில்தான் இருக்கிறார்கள். 'கேட் ஓப்பன் நைட்', 'கார்டு ஸ்லீப் 1', 'கார்டு ஸ்லீப் 2', 'வால் ஜம்ப்', 'லேம்ப் ஆஃப் 0530' என்று தொண்ணூற்றாறு பெயர்கள். சரிபார்த்துத்தான் எழுதினேன்.

ஒன்றை மட்டும் இங்கே தனியாகச் சொல்கிறேன். குரல் ஃபோல்டரில் 1 முதல் 31 வரை ஃபைல்கள் இருக்கின்றன. அவர் பேச வேண்டியவற்றின் பட்டியலில் இருபத்துநாலு வரிகள்தான். மீதி ஏழும் எந்தப் பட்டியலிலும் இல்லை. முதல் இருபத்துநாலும் பட்டாணியின் பிறந்தநாளுக்கு முந்தைய வாரத் தேதி போட்டிருக்கின்றன. கடைசி ஏழும் ஒரே நாள். நீங்கள் போவதற்கு முந்தைய திங்கட்கிழமை, காலை பத்தே காலிலிருந்து பதினொன்றே முக்கால்வரை. அந்த நேரத்தில் அண்ணி வேலையில் இருந்திருப்பார். பட்டாணி பள்ளியில்.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தங்கை


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. தபால் வரும் நேரத்தில் நான் வாசலைப் பார்ப்பதைக் கண்டு கடை முதலாளியம்மா, "யாருடி அது, நல்ல பையனா?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் என்றேன். நம்பவில்லை.

கோபமா? நான் அந்த ஏழைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டது போதாதென்று இருபத்தைந்தாவதைத் திறந்தும் கேட்டுவிட்டேன். "பட்டாணி, அப்பா..." என்று தொடங்குகிறது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். அவ்வளவுதான். மற்றதைத் திறக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

சும்மா இருக்க முடியாமல் மற்ற வேலையை நானே செய்து பார்த்தேன். அடையாள அட்டையில் 214-ஐ அடித்துவிட்டு 9214 போட்டேன். முகங்கள் ஃபோல்டருக்குப் புதுப் பெயரை வைத்தேன். விளக்குக்காரர் வந்துவிட்டார்! அதே மூக்கு, அதே தொப்பி. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் ஆடுதான் இன்னமும் உங்கள் குரலில் பேசுகிறது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"அப்பா வாயிலேருந்து ஆடு வாய்க்கு ஏன் போச்சு?" என்று பட்டாணி கேட்கிறாள். அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

தங்கை


மே 6

ஊமைக்கோட்டானுக்கு,

கோபம் இல்லை. சுகமாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதங்களும் நேற்றுத்தான் சேர்ந்து வந்தன. காரணத்தைக் கேள்.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்துவிட்டுத் தபால் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் உன் தாள். சிவப்பு மையில் கோடுகள். சிரிப்பே இல்லை.

"என்னப்பா இது? 'கேட் ஓப்பன் நைட்'?"

"மலையூர்ல மாட்டுப்பட்டி கேட்டு சார்."

"'கார்டு ஸ்லீப்' ஒண்ணு, ரெண்டு?"

"பாலத்துக் காவல்காரர் சார். ஒண்ணுல உக்காந்து தூங்குவார், இன்னொண்ணுல நின்னுக்கிட்டே."

"'வால் ஜம்ப்'?"

"சுவர் தாண்டுற பூனை சார்."

"பூனைக்கு எதுக்குய்யா ஃபைலு? காலைல அஞ்சரைக்கு விளக்கை யாரு அணைக்கிறாங்க?"

"நான்தான் சார். அதாவது, விளையாட்டுல."

என்னை வேறு அறைக்கு மாற்றினார்கள். தாள் மேலிடத்துக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரிடம் போய், உன் அடுத்த கடிதமும் அதோடு சேர்ந்து, ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அவர் கீழே எழுதியிருந்தார்: 'விளையாட்டுதான். ஆட்சேபணை இல்லை. பேச்சுப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் பழைய எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவும்.' தபால் சார் வெட்கப்பட்டுக்கொண்டே படித்துக் காட்டினார். இப்போது பழைய அறைக்கே வந்துவிட்டேன்.

எட்டாத எண் என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு நீயே போட்டாயே, எனக்கு அந்தப் புத்தி அப்போது இல்லை.

அந்த ஏழும் சரியாக வரவில்லை. அழித்துவிடு.

அண்ணன்


மே 15

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களை அறை மாற்றும் அளவுக்கு என் கையெழுத்து தெளிவாக இருந்துவிட்டது. மன்னிக்கவும். தபால் சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவரே இதைப் படிப்பார் என்பதால் நேரிலேயே: வணக்கம் சார். மேலிடத்துக்காரர் சொன்னது சரி.

பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஆளின் எண், பிறகு காலை, பிறகு குரல் ஃபைலின் எண். அட்டையில் மட்டும் மாற்றிவிட்டு இருபத்துநாலு வரிகளிலும் 214-ஐ அப்படியே விட்டிருந்தேன். பட்டாணி ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் தோளில் தாடையை வைத்து உட்கார்ந்தாள். நான் மாற்ற மாற்ற அவள் வாய்விட்டு எண்ணினாள். வரிக்கு ஒரு கேள்வி. "இந்தக் கமா எதுக்கு? இதை அழிச்சா அப்பாவுக்கு வலிக்குமா? இவ்ளோதானா, எழுதி வெச்சாப் பேசிடுவாரா?" எழுதி வைத்தால்தான் பேசுவார் என்றேன்.

ஞாயிறு காலை பேசினார். ஷூ லேஸ் பற்றித்தான். ஆடு வாயை மூடிக்கொண்டது. பட்டாணி எழுந்து நின்று, "கட்டிட்டேன்" என்று திரைக்குப் பதில் சொன்னாள்.

அண்ணி நலம். நானும் நலம்.

தங்கை


மே 30

ஊமைக்கோட்டானுக்கு,

நலமே. அந்த "கட்டிட்டேன்" என்ற இடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தபால் சார் அந்த விளையாட்டை வாங்கிவிட்டாராம். பாலத்தைத் தாண்டத் தெரியவில்லையாம், வழி கேட்கிறார்.

ஏழையும் அழித்தாயா? நீ எழுதவில்லை. நீ ஒன்றை எழுதாமல் விட்டால் அது மறந்து விட்டது இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் கப்பல் என்றே நினைத்துக்கொள்ளட்டும். இன்னும் ஒரு வருஷம்தான்.

அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? உட்கார்ந்து படியுங்கள். இங்கே மூவருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது.

அழிக்கவில்லை. நீங்கள் சொல்லியும் அழிக்கவில்லை, அதை எழுதவும் இல்லை. இரண்டும் என் தப்பு.

சனிக்கிழமை கடையிலிருந்து வந்தபோது பட்டாணி விளையாட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். அதில் ஒரு நாள் என்பது பத்து நிமிடம். விளக்குக்காரர் வாசலுக்கு வந்தார். "அப்பா கப்பலுக்குப் போகலடா கண்ணு" என்றார். கையிலிருந்த பையை நான் கீழே வைக்கக்கூட இல்லை.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். கீழே புதிதாக ஏழு வரிகள். எண், கமா, காலை, கமா, குரல் எல்லாம் சரியாக இருந்தன. யார் எழுதியது என்று கேட்டேன்.

"நான்தான். ஃபோல்டர்ல முப்பத்தொண்ணு வரைக்கும் இருக்கு. லிஸ்ட்ல இருபத்துநாலோட நிறுத்திட்டாங்க. யாரோ எழுத மறந்துட்டாங்க அத்தை" என்றாள். கணக்கு வாத்தியார் மாதிரி சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒழுங்காகச் செய்திருந்தாள், அவ்வளவுதான்.

அதற்குள் ஐந்து காலைகள் ஆகிவிட்டிருந்தன. நிறுத்தப் போனேன். அண்ணி பின்னால் வந்து நின்று, "விடு, முழுசா கேக்கட்டும்" என்றார். மூவரும் கேட்டோம். முப்பதாவதில்தான் நீங்கள் அதிக தூரம் போயிருக்கிறீர்கள். "வேலைல ஒரு லிஃப்ட்டைச் செக் பண்ணிப் பாக்காமலே பாத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். அது விழுந்து ஒரு அம்மாவுக்குக் கால் போயிடுச்சு. அதனால..." அங்கே நிற்கிறது. முப்பத்தொன்றில் பேச்சு இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். விளக்குக்காரர் உதட்டை அசைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் நின்றார்.

"அதனால என்னம்மா?" என்று பட்டாணி கேட்டாள்.

நீங்கள் விட்ட இடத்திலிருந்து அண்ணி சொல்லி முடித்தார். சுற்றி வளைக்கவில்லை. சிறை என்றே சொன்னார். பட்டாணி குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அந்த அம்மாவுக்கு இப்போது வலிக்கிறதா என்று கேட்டாள். தெரியவில்லை என்றோம். பிறகு கேட்டாள்:

"அப்ப நடுவுல கடல் இல்லையா?"

"இல்லடி."

"அங்க எப்படிப் போறது?"

"பஸ்லதான். மூணு மணி நேரம்."

"பஸ்லயே போலாமா!" என்று கத்தினாள். "பக்கத்துலயே வெச்சுக்கிட்டு ஏம்மா சொல்லல?" கோபமாக அண்ணியின் முதுகில் ஓர் அடி வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே எந்த பஸ், எத்தனை நிறுத்தம் என்று கேட்டாள். அண்ணியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நீங்கள் இவ்வளவு பக்கத்தில் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது.

தபால் சாருக்கு: பாலத்தைத் தாண்ட, காவல்காரர் நின்றுகொண்டே தூங்கும்வரை காத்திருக்க வேண்டும் சார்.

அண்ணா, முதல் கடிதத்திலிருந்தே ஒன்றைக் கேட்க நினைத்து, கேட்காமல் ஃபோல்டர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். பார்க்க வருகிறவர்களின் பெயர்களை உள்ளே இருப்பவரே மனுவில் எழுதிக் கொடுத்தால்தான் வாசலில் விடுவார்களாம். விசாரித்துவிட்டேன். போனில் கேட்காமல், சிறை அலுவலகத்துக்கே நேரில் போய், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். பட்டாணியின் பெயரை எழுதுங்கள். அண்ணியின் பெயரையும் எழுதுங்கள். மூன்று பேர்வரை அனுமதி உண்டாம். மூன்றாவது வரியில் என் பெயரையும் எழுதுவீர்களா?

தங்கை